துரை வீட்டு மரமும் முனியாண்டி கல்லும்

பீடோங் பக்கம் ஒரு புதுத் தாமான் குடியிருப்பில் நண்பர் வீடு வாங்கியிருக்கிறார். போன ஞாயிறு போனேன். வாசலில் காவலர் கொட்டகை, பக்கத்தில் ஓர் ஊசியிலை மரம். சுற்றி இரும்பு வேலி, 'பாரம்பரிய மரம்' என்று பலகை வேறு. பிசின் வாசனை மூக்கில் ஏறியதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் எஸ்டேட் துரை பங்களாவில் நின்ற அதே கிறிஸ்துமஸ் மரம்!

நான் அந்த எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தவன். மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், எரு போட ஓர் ஆள். தொழிலாளர் லயத்துக் குழாய் வறண்ட நாளிலும் அதற்கு மட்டும் தண்ணீர் வந்துவிடும். பழம் தராது, உட்கார நிழலும் தராது. நெட்டுக்குத்தாக நின்றதற்கே அவ்வளவு மரியாதை.

ஐந்தாம் நம்பர் ரப்பர் காட்டில், நாங்கள் கோயிலாகக் கும்பிட்ட முனியாண்டி கல்லின்மேல் இன்னொன்று வளர்ந்தது. சாம்பல் பச்சையில் வட்ட வட்டமாக ஒரு பாசி. பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி, அதற்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கவேண்டும். அதற்கு யாரும் சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஒரு விரல் அகலம் பரவவே ஓர் ஆள் ஆயுள் ஆகும்போல.

எஸ்டேட்டை வீடு கட்ட விற்றார்கள். பழைய கோயில் என்றால் இருந்த இடத்திலேயே விடுகிறோம் என்றது வாங்கிய கம்பெனி. கம்பெனியிலிருந்து பார்க்க ஆள் வருவதாகத் தகவல். பெரிய ஆள் வந்தால் கல்லையும் குளிப்பாட்டி வைப்பவர்கள் அல்லவா நாம்? கோயில் தலைவர் பெருமாள் அண்ணன் இரும்பு பிரஷை என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, அழுக்கா கெடந்தா மானம் போயிரும்லா. நல்லாத் தேயி."

தேய்த்தேன். படித்தவன் இல்லையா, கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றினேன். அதன்மேல் மஞ்சள் பெயிண்ட்.

வந்தவர் நம்மவர்தான், தமிழர். கல்லை ஒரு சுற்று வந்து சிரித்தார்.

"என்னண்ணே, போன வாரந்தான் வச்சீங்களா?"

"எங்க தாத்தா காலத்துக் கல்லு சார்."

"அதுக்கு ஏதாச்சும் அடையாளம் இருக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் நக இடுக்கில் இன்னும் சாம்பல் தூள் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முனியாண்டி இப்போது தாமானின் கழிவுநீர்க் குளத்தோரம் இருக்கிறார். நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் உரிந்த இடங்களில் விரலால் தடவித் தேடினேன். ஒரு புள்ளி பாசி இல்லை. வெட்கமாக இருந்தது.

பெருமாள் அண்ணனும் இல்லை. சாகும்வரை அந்தக் கல்லைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருக்கலாம்.