தொட்டிக்குள் போட்ட செம்புச் சுருள்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது அது ஒன்றுதான்.

சுனாமிக்குப் பிறகு கட்சால் தீவை விட்டு போர்ட் பிளேருக்கு வந்து, லம்பா லைனில் ஒரே வீட்டில் குடியேறினோம். மாடியில் அவர், கீழே நான். அக்கா தங்கையைக் கட்டிய பாவத்துக்கு ஒரே குளியலறை, ஒரே தண்ணீர்த் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என் பின்பக்க ஜன்னலை ஒட்டி நின்றது.

அவருக்குத் தண்ணீர் சப்ளை ஆபீசில் வேலை. எங்கள் தெருவுக்கு தினமும் தண்ணீர் வராது. வருகிற நாளில் மாடிப்படியில் நின்று, "இன்னிக்கு விடுறோம்" என்று அறிவிப்பார். மேகத்துக்கே அவர்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கும்.

நான் கல்யாண வீடியோ எடிட்டர் என்று சொல்லிக்கொண்டேன். அவர் என்னை வெட்டிப்பயல் என்று சொல்லிக்கொண்டார். வருமானத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் பொருத்தமாக இருந்தது.

அப்போது கட்சால் குடும்பம் ஒன்றின் கல்யாண வீடியோ கிடைத்தது. கல்யாணம் போர்ட் பிளேரில். பெண்ணின் அப்பா வெள்ளிக்கிழமைக் கப்பலில் திரும்புகிறார். "கப்பல் ஏறும்போது டிஸ்க் கையில இருக்கணும், தம்பி. பின்னாடி அனுப்புறேன்ற கதையெல்லாம் வேணாம்" என்றார். என் மனைவி அதைவிடக் கறாராக இருந்தாள்.

"இத ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. இல்லாட்டி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய வித்துட்டு அத்தான் சொல்ற வேலைக்குப் போங்க."

அத்தான் சொல்ற வேலை என்றால் தினக்கூலி மஸ்தூர். அவருக்குக் கீழே தெருத்தெருவாகப் போய் வால்வு திருகுவது. அதற்குக் கடலில் குதிக்கலாம். ஆனால் எனக்கு நீச்சல் தெரியும், பயன்படாது.

என் கம்ப்யூட்டர் கிழடு. அந்தக் கல்யாணத்தை அது டிஸ்க்காக மாற்றித் தருவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பு வந்துவிடும். அதனால் ஓவர்கிளாக்கிங் செய்தேன். இவ்வளவு வேகம்தான் என்று கம்பெனி அனுப்பிய ப்ராசஸரை, செட்டிங்கை மாற்றி அதற்கு மேலே விரட்டுவது. வேகம் ஏறினால் சூடும் ஏறும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே இருக்கும் ஃபேன் அடுப்பு ஊதுகிற வேலையைத்தான் செய்தது. தண்ணீரால் குளிர்விக்கும் முறை ஒன்று உண்டு. ப்ராசஸர்மேல் ஒரு உலோகக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஓடி சூட்டை வாங்கி, வெளியே ஒரு ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்பும். மெயின்லேண்டில் ஆர்டர் செய்தேன். எங்கள் பின்கோடுக்கு அனுப்ப மாட்டார்களாம்.

விட்டேனா? லேத் பட்டறையில் செம்புக் கட்டி ஒன்று கடைந்து வாங்கினேன். அபர்டீன் பஜாரில் மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டாரும் டியூபும் கிடைத்தன. ரேடியேட்டருக்குப் பதிலாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஒரு செம்புக் குழாய்ச் சுருள். அதை ஜன்னல் கம்பி வழியாக விட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினேன். ஒரு தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சி முழுக்க என் ப்ராசஸருக்கு! அது வேலையும் செய்தது. நான் செய்த ஒன்று வேலை செய்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாளே சகலை டியூபைப் பார்த்துவிட்டார்.

"க்யா ரே இது? டேங்குக்கு குளுக்கோஸ் ஏத்துறியா?"

"தண்ணிய எடுக்கலண்ணே. அதோட குளிர்ச்சிய மட்டும் எடுக்கிறேன்."

"குடிக்கிற பானிடா! கரண்ட் அடிச்சா?"

"அடிக்காதுண்ணே. டியூபுல ஓடுற தண்ணி வேற, தொட்டித் தண்ணி வேற. ரெண்டும் தொட்டுக்கவே தொட்டுக்காது."

"அப்ப தொட்டித் தண்ணி ஏன் சுடுது?"

"கறுப்புத் தொட்டி. வெயில்ல நிக்குது."

"நேத்து வெயில் இல்லியா?"

"நேத்தும் சுட்டுச்சு."

"நேத்து நான் குளிக்கல!"

இதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன வாதாடுவது? அன்றிலிருந்து வீட்டில் நடந்த எல்லாக் கெடுதலுக்கும் கம்ப்யூட்டர் தண்ணீர்தான் காரணம். குளியலறையிலிருந்து, "முதுகு வெந்துபோச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். அவர் மனைவிக்கு முடி கொட்டியது, கம்ப்யூட்டர் தண்ணீர். அவர்கள் வீட்டுப் பருப்பு வேகவில்லை, கம்ப்யூட்டர் தண்ணீர். சூடான தண்ணீரில் பருப்பு சீக்கிரமல்லவா வேக வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதோடு மாடியிலிருந்து குழம்பு வருவது நின்றது. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதும் நின்றது.

வியாழக்கிழமை கடைசி வேலை. முழுக் கல்யாணத்தையும் டிஸ்க்குக்கு மாற்ற விட்டுவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தேன். சூடு அதிகமானால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும் ஏற்பாடு ஒன்று உள்ளே உண்டு. பாதியில் அணைந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அதை நானே நிறுத்திவைத்திருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரன். மாலை மாற்றி, தாலி கட்டி, பந்தி வரைக்கும் வந்தாயிற்று. நல்ல உச்சி வெயில். திடீரென்று அறையில் வயர் தீய்ந்த நாற்றம். திரை இருண்டது. நான் என்ன தட்டியும் அது விழிக்கவில்லை.

பின்பக்கம் ஓடினேன். தொட்டி தரையில் படுத்துக்கிடந்தது. அதன் வாய்க்குள் தலையை விட்டு சகலை தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே லுங்கி மட்டும் தெரிந்தது. தண்ணீரெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது. டியூபோடு என் செம்புச் சுருளை வெளியே எடுத்து, மதில்மேல் வெயிலில் வைத்திருந்தார், கருவாடு காயவைப்பதுபோல.

"தண்ணிய ஏன் தொறந்துவிட்டீங்க?"

தலை வெளியே வந்தது. "சாயங்காலம் நல்ல தண்ணி விடுறோம். உன் கம்ப்யூட்டர் தண்ணிமேல அத எதுக்குப் புடிக்கணும்? சஃபாயி பண்றேன்."

"கம்ப்யூட்டர் கருகிப்போச்சுண்ணே!"

"பாத்தியா!" அவர் முகம் மலர்ந்தது. "சூடு அதுலேருந்துதான் வந்திருக்கு. நான் சொன்னப்ப வெயிலுன்னியே!"

அவர் தலையில் ஊற்றுவதற்காக வாளியைத் தூக்கினேன். ஊற்ற வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலி வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டு வங்காளிக்காரர், "பானி ஆயா க்யா?" என்று, தண்ணீர் வந்துவிட்டதோ என மதிலுக்கு மேலாக விசாரித்தார்.

தண்ணீர் அன்று மாலையும் வரவில்லை. எங்கோ பைப் உடைந்துவிட்டதாம்.

செத்துப்போன மதர்போர்டுக்கு வேறு போர்டு மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும் என்று கடையில் கையை விரித்தார்கள். காலையில் பெண்ணின் அப்பா வந்தார். திட்டக்கூட இல்லை. கேமராக் கேசட்டுகளைக் கேட்டு வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கப்பல் ஜெட்டிக்குப் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்ற என் மனைவி, உள்ளே வந்து என் சட்டை ஒன்றை இஸ்திரி போடத் தொடங்கினாள். எந்த வேலைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆபீசில் முதல் நாள், எல்லார் முன்னாலும் சகலை சொன்னார்: "இங்க அண்ணே கிண்ணேன்னு கூப்பிடாத. சார்னு கூப்பிடு, சம்ஜா?"

இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். இதுவரை அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அண்ணே என்பதையும் விட்டுவிட்டேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை இருமுவேன். எனக்கு டி.பி. என்று ஆபீசில் ஒரு பேச்சு இருக்கிறது. கிளப்பிவிட்டது யாரென்று சொல்லத் தேவையில்லை.