பீடிக்கட்டு எரிந்த அடுப்பு

நுரையீரல் ஸ்கேன் அறை வாசலில் அண்ணன் சட்டையிலிருந்து சிகரெட் நாற்றம் வீசியது. "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா இரும்மா!" என்று அம்மாவை நோக்கிக் கையை ஓங்கினான்.

தொண்ணூறுகளில், மண்டி மொஹல்லா வீட்டில், ஓங்கிய கை அப்பாவுடையது. அவர் வேலை பார்த்த மில்லில் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்த காலை, போகாமல் வெந்நீர் அடுப்பின் முன் உட்கார்ந்து கொள்ளியில் பீடி பற்றவைத்தார். அவருக்குச் சாவுக்குப் பயமில்லை, எக்ஸ்ரேக்குத்தான் பயம்.

"இருமுனா ரத்தம் வருது, போய்ட்டு வாங்க," என்ற அம்மா, பீடிக்கட்டைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தாள். அப்பா அவள் கொண்டையைப் பிடித்து நெற்றியைச் செப்பு அண்டாவில் மோதினார். அந்தச் சத்தம் தெருவரை கேட்டது. கட்டு எரிந்த காரப்புகையில் அவர் அடித்துக்கொண்டே இருமினார். அம்மாவின் சேலையில் தெறித்த ரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் அண்ணன் அழுதபடி என் கையை நசுக்கிப் பிடித்திருந்தான். அடுத்த தசராவுக்கு அப்பா இல்லை.

இப்போது அம்மா நகரவில்லை. நெற்றித் தழும்போடு அந்தக் கைக்கு நேராக முகத்தைக் காட்டினாள்.

"அடிக்கணும்னா அடிச்சுக்கோடா. அடிச்சுட்டு உள்ள போ."