தவமணி வீட்டில் தேத்தண்ணி பிந்தும்

போன சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவில் ஒரு வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டார்கள். சுகம் விசாரித்தார்கள். ஆனால், தேத்தண்ணி தரவில்லை!

பத்து நிமிடம்... இருபது நிமிடம்... குசினியில் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்கிறது. கோப்பை வருவதாக இல்லை. மட்டக்களப்பில் இப்படியும் நடக்குமா? கோபத்தில் இருக்கிற வீட்டில்கூட வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி ஊற்றிவிட்டுத்தானே மற்றக் கதை!

அது தவமணியின் வீடு. புது அரிசி தருகிறேன், வாங்க என்று கூப்பிட்டிருந்தாள். கிளினிக் வரிசையில் பழக்கமானவள், முப்பத்திரண்டு வயது, வேளாண்மைக் குடும்பம். எனக்கு ஆறு வருடமாக இருக்கிற அதே வியாதிதான் அவளுக்கும். உடம்பைக் காக்க வேண்டிய காவல் படையே தைரொயிட் சுரப்பியைத் தாக்குகிற வியாதி. வேலியே பயிரை மேய்கிற கதை! சுரப்பி சோர்ந்தால் ஆளும் சோர்ந்துவிடுவார். உடம்பு ஊதும், முடி கொட்டும், விடிய விடியத் தூங்கி எழும்பினாலும் மூட்டை சுமந்த அலுப்பு இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சோம்பல். தவமணியின் மாமியாரும் அப்படித்தான் இரண்டு வருடம் ஏசியிருக்கிறார்.

அவளுக்கு ஏச்சைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இரண்டு தரம் கரு தங்கவில்லை. "முதல்ல ரத்தத்தில இந்த ரி.எஸ்.எச். அளவு இறங்கட்டும், பிள்ளையைப் பற்றிப் பிறகு யோசிப்பம்" என்றார் டொக்டர். ஒரு நாள் தவறாமல் மருந்துக் குளிசை போட்டாள். ரிப்போர்ட்டில் இலக்கம் இறங்கவே இல்லை. டோஸ்தான் ஏறியது.

கடைசியில் ஒரு நர்ஸ்தான் கேட்டார் - "எதோட போடுறீங்க?"

"தேத்தண்ணியோடதான், மிஸ்."

வேறென்ன செய்வாள்? அந்த வீட்டில் வயல்வட்டைக்கு வேலைக்குப் போகுமுன் நாலு பேரும் ஒன்றாக இருந்து பால் தேத்தண்ணி குடிப்பார்கள். மருமகள் மட்டும் கோப்பையைத் தள்ளி வைத்தால் மாமியாரோடு சண்டை என்று அர்த்தம்! அந்தப் பயத்தில் இரண்டையும் ஒன்றாக விழுங்கினாள். மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, மற்றதெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

தவமணி வீட்டுக்கு வந்து மாமியாரிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்காது. மாமியார் கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாராம். பிறகு சொன்னாராம் - "அப்ப நாங்களும் ஒரு மணித்தியாலம் கழிச்சு, மறுகா குடிக்கிறம். நீ பாத்துக்கொண்டிருக்க நாங்க எப்பிடிப் புள்ள குடிக்கிற?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் தவமணி குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் போகாமல் ஒருவருக்கும் தேத்தண்ணி இல்லை. மாமனாருக்கும் இல்லை, புருஷனுக்கும் இல்லை. எனக்கு மட்டும் எப்படி வரும்? அறுவடை முடிந்து ஆறுதலாக எழும்புகிற காலம். அன்று அவள் ஆறு மணிக்குத்தான் குளிசை போட்டிருந்தாள்.

சரியாக ஏழுக்கு மாமியார் தட்டோடு வந்தார். கோப்பையை நீட்டியவர் திடீரென்று கையை இழுத்துக்கொண்டார்.

"டீச்சருக்கும் அந்தக் குளிசைதானே? போட்டாச்சா?"

அவசரத்தில் பஸ் ஏறியதால் குளிசை இன்னும் கைப்பையில்தான் இருந்தது. "இல்ல... தேத்தண்ணியோட போடலாமெண்டு..." என்று இழுத்தேன். ஆறு வருட நோயாளி, படித்த மனுசி, ஊருக்கெல்லாம் பத்தி எழுதுகிறவள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நல்லாயிருக்குகா உங்கட கதை!" தட்டு திரும்பிப் போனது. ஒரு கிளாஸ் தண்ணீர் வந்தது. "இதோட போடுங்க. தேத்தண்ணி மறுகா தாறன்."

எனக்கு மட்டும்தான் தாமதம் என்று நினைத்தேன். இல்லை. ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. தவமணியின் புருஷன் கேத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

தவமணி சிரித்துக்கொண்டே கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். இலக்கம் இறங்கியிருந்தது. இனிப் பிள்ளைக்கு யோசிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டு மணிக்கு ஐந்து கோப்பைகளும் ஒன்றாக வந்தன. மருந்துச் சீட்டில் இருப்பது தவமணியின் பெயர் மட்டும்தான்... பத்தியம் காப்பது நாலு பேர்!