கோலை விடாத கை

பழவேற்காடு ஏரியில் கோல் ஊன்றிப் படகு தள்ளி மீன் பிடிப்பவன் நான். எங்கள் பக்கம் நைலான் வலை வந்த புதிதில் எனக்கு ஒரு பேஜாரு பிடித்தது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு, படகில் போட்ட மீன் மாதிரி துள்ளும். பட்டணத்து டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு, "ஒண்ணும் தெரியல. வேலை செய்யலாம், தனியா மட்டும் போகாதே" என்றார்.

அதனால் மச்சான் கோவிந்தனையும் கூட்டிப் போனேன். ஒரு மார்கழிக் காலை, நடு ஏரியில் நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டியது. அதே நேரம் கோல் சேற்றில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஆட்களுக்குக் கோலை விடுவது மானக்கேடு. நானும் விடவில்லை. படகு காலடியில் நழுவிப் போக, கோலில் தொங்கிய நான் குப்புற விழுந்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி முகத்தில் அறைந்தது.

கோவிந்தன் குதித்து வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் என்னைத் தூக்கி நிறுத்தினான். "இன்னா ஆச்சு மாமா? பேசு மாமா" என்று அழுதான்.

"கை வச்சுப் பாருடா, அடங்கிப்போச்சு" என்றேன். எனக்கே நம்ப முடியவில்லை. நெஞ்சு கடிகாரம் போல ஓடியது.

ஈரம் காய்வதற்குள் பஸ் ஏறி டாக்டரிடம் ஓடினேன். "முகத்துல சில்லுனு தண்ணி பட்டா சில பேருக்கு அடங்கும். அதுக்காக ஏரியில விழணுமாய்யா? நெஞ்சு துள்ளுனா கோலை விட்டுட்டு உட்காரு" என்றார்.

இப்போதும் தினம் ஏரிக்குப் போகிறேன். நெஞ்சு துள்ளினால் உடனே கோலை விட்டு உட்கார்ந்து, முகத்தில் தண்ணீரை அள்ளி அடிக்கிறேன். அடங்காவிட்டால் கோவிந்தன் தன் கோலால் கரைக்குத் தள்ளுகிறான். பக்கத்துப் படகுக்காரர்கள், "கோலை உட்டுட்டான் பாரு" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோல் சேற்றில் அப்படியே நிற்கிறது. மறுநாள் போய்ப் பிடுங்கிக்கொள்கிறேன்.