பின்னால் வந்த கார்: ஆர்.எஸ்.மங்கலம் முதல் தனுஷ்கோடி வரை சைக்கிளில் ஐந்து நாள்

மாசி மாதத்தின் முதல் வாரத்தில் நானும் என் வீட்டுக்காரர் முருகவேலும் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தனுஷ்கோடி வரை சைக்கிளில் போய் வந்தோம். ஐந்து நாள், என் மீட்டர் கணக்கில் 144 கிலோமீட்டர். இந்தப் பாதையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன், ஆனால் அசடு வழிந்த கதையும் சேர்ந்துதான் வரும்.

இவருக்கு வயது ஐம்பத்தாறு. மதுரையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பதினோரு மாதத்துக்கு முன் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு எங்கே போனாலும் கார்தான். ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் பின் சீட்டில் தலையணையோடு. பட்டறையில் பையன்கள் ஒரு ஸ்பேனரைக்கூடத் தூக்க விடுவதில்லை. நான் வீட்டில் தண்ணீர்ச் சொம்பைக்கூட விடுவதில்லை. தை மாதக் கடைசியில் ஒருநாள், எங்கோ வெளிநாட்டில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வயதானவர்கள் கூட்டமாக சைக்கிள் மிதிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அஞ்சு நாளு. காரு கூடாது. நீயும் நானும் மட்டும். போவமா?” டாக்டரும், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகம் என்றால் தாராளமாகப் போகலாம் என்றார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், காரே கிடையாது என்று.

அன்று மாலையே ஒரு காருக்குச் சொல்லிவிட்டேன்.

வாசகர்களிடம் மறைப்பானேன்? ஆர்.எஸ்.மங்கலத்தில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவள் தெருவில் காசிம் பாய் என்றொரு டிரைவர், சவுதியில் தம்மாமில் பதினாறு வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், டீசல் தனி. இரண்டு கிலோமீட்டர் பின்னாலேயே வர வேண்டும், எக்காரணம் கொண்டும் இவர் கண்ணில் படக்கூடாது. “நீங்க கவலையே படாதிய அக்கா. நான் பாத்துக்குறேன், இன்ஷா அல்லாஹ்” என்றார். அந்த மனுஷர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எனக்குத்தான் வினையாகிப் போனது.

சைக்கிள்களை முந்தின நாளே பார்சலில் அனுப்பிவிட்டு, நாங்கள் பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் ஆர்.எஸ்.மங்கலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை 6.10க்குக் கிளம்பினோம். பெரிய கண்மாயின் கரையில் ஏறியதும் இருவரும் சைக்கிளை நிறுத்திவிட்டோம். எதிர்க்கரை தெரியாத தண்ணீர். அதன் மேல் பனி படுத்திருந்தது. இக்கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடை என்பார்கள். நாங்கள் நாலு வரை எண்ணினோம், அப்புறம் எண்ணத் தோன்றவில்லை. அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் வாசனை. சாலையோரம் முண்டு மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நம் ஊரில் திராட்சைத் தோட்டம் இல்லை, அதனால் என்ன? பனை இருக்கிறது. வரிசையாக, கூட்டமாக, தனியாக, பார்க்கிற பக்கமெல்லாம் பனை. வாடைக் காற்று முதுகைத் தள்ள, தெற்கே போவதற்கு மிதிக்கவே வேண்டாம் போலிருந்தது.

உப்பூர் வரை பதினோரு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். அங்கே கூரையில்லாத கருவறையில் வெயில் காயும் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, அனல் மின் நிலையத்துக்காக எழுப்பிய கட்டடங்கள் தூரத்தில் தெரிய, ஒரு டீக்கடையில் நின்றோம். இவர் ஆசையாக உளுந்த வடை கேட்டார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக இருந்த வடைகளைப் பார்த்துக்கொண்டே, “வடை இல்லண்ணே” என்றார். டீ வந்தது, சர்க்கரை இல்லாமல். கேட்காமலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, நிழலில்.

“வேற யாரோ ஆர்டர் சொல்லியிருப்பாங்கபோல. பரவால்ல, என்ன மரியாத பாத்தியா!” என்றார் இவர். எனக்கு அப்போதே லேசாகப் பொறி தட்டியது. ஆனால் கடல் காற்றில் எல்லாம் மறந்துவிடுகிறது.

உப்பூரிலிருந்து தேவிபட்டினம் பதினேழு கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது, வழவழப்பானது, ஆனால் லாரிகள் விரட்டும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியிலேயே ஓட்டுங்கள். முடிந்த இடத்தில் நாங்கள் ஊர்ச் சாலைகளுக்குள் இறங்கிவிட்டோம். கருவேலங்காட்டுக்குள் திடீரென்று ஒரு பள்ளிவாசல், அதைத் தாண்டினால் உப்புப் படிந்த வெள்ளைத் தரை, அதற்கப்பால் கடல். அலையே இல்லை. எது தண்ணீர், எது வானம் என்று கோடு போட முடியாத வெளிச்சம். இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சட்டை காற்றில் புடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த முதுகா இது என்று நினைத்துக்கொண்டே நான் பின்னால் மிதித்தேன்.

தேவிபட்டினத்தில் தங்கல், ஏசி இல்லாத அறை எழுநூறு ரூபாய். விடியற்காலையில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்கள் ஒன்பதையும் பார்க்கப் போனோம். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. இரண்டாம் நாள் ராமநாதபுரம் மட்டும்தான், ஊர் சுற்றியதையும் சேர்த்துப் பதினேழு கிலோமீட்டர். அரண்மனை, மதியச் சாப்பாடு, நீண்ட தூக்கம். மூன்றாம் நாள்தான் பெரியது: மண்டபம் வரை முப்பத்தேழு. வழியில் உச்சிப்புளிக்கு முன்னால் ஒரு அம்மா அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு நாற்பது ரூபாய். இவர் கேட்குமுன்பே நல்ல கிழங்காகப் பொறுக்கி உரித்துக் கையில் கொடுத்தார். “தின்னுங்கய்யா, நாரு நெறய இருக்கு, நெஞ்சுக்கு நல்லது” என்றார். அதற்கடுத்த கடையில் மின்விசிறியை இவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். அதற்கடுத்த கடையில் பஜ்ஜி தீர்ந்துபோனது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். “இந்தச் சீமைக்காரங்க மாதிரி ஆளு கெடையாது கலா. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு இப்பிடிச் செய்யிறாங்கன்னா!” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய மிதி வேகம்கூடக் கூடியிருந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், கார் கண்ணில் படவில்லை.

மண்டபத்தில் மாலை நாலரை மணிக்குக் குட்டு உடைந்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு டீக்கடை. கடைக்காரர் ஓடி வந்து இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். “உக்காருங்க, உக்காருங்க. நெஞ்சு எப்பிடி இருக்கு? வலி கிலி ஒண்ணுமில்லயே?”

“எனக்கு நெஞ்சுல ஆபரேசன்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார் இவர்.

“காசிம் மச்சான்தான் போன்ல சொன்னாப்ல. ஆபரேசன் பண்ணவுக சைக்கிள்ல வாராக, எண்ணெப் பலகாரம் எதுவும் குடுத்துறாதன்னு. அதான் வண்டி பின்னாடியே வருதுல்ல, பெறகென்ன பயம் உங்களுக்கு?”

விஷயம் இதுதான். காசிம் பாய் இந்தக் கடலோரத்தில் சொந்தமும் சிநேகிதமுமாக ஊருக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் பாதையிலிருந்த அத்தனை டீக்கடைக்கும் போன் போட்டிருக்கிறார். கார் பின்னால் வந்தது, சேதி முன்னால் போனது. ஒரு நோயாளி வருகிறார் என்று தெரிந்தால் சும்மா இருக்கிற ஊரா இது?

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. டீயை முழுசாகக் குடித்தார், டம்ளரை வைத்தார், கடல் பக்கம் நடந்துபோய் நின்றார். நானும் போய் நின்றேன்.

“மூணு நாளா நான் ஓட்டுறேன்னு நெனச்சேன் கலா” என்றார்.

“நீங்கதாங்க ஓட்டுனீங்க.”

“இல்ல. ஊரே சேந்து என்னையத் தூக்கிட்டு வந்துருக்கு. பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நானே காருக்குச் சொல்லியிருப்பேன். சத்தியம் பண்ணிட்டு எதுக்கு?”

பதினோரு மாதமாக இவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். அதை அவரிடம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், கடற்கரையில் ஆட்கள் பார்க்கப் பார்க்க.

காசிம் பாய் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “நான் என்னா தப்புப் பண்ணேன் அக்கா? பின்னாடி வந்து என்னா பிரயோசனம்? முன்னாடி நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான பாத்துக்குவாக?” அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இவர் போய் அவர் தோளில் கை போட்டார். “நீங்க பண்ணது தப்பில்ல பாய். ஆனா இனிமே யாருக்கும் போன் போடாதீங்க” என்று சிரித்தார். ஐந்து நாள் வாடகையையும் கொடுத்துக் காரை நான்தான் திருப்பி அனுப்பினேன். மறுநாள் பாம்பன் பாலம் என்று தெரிந்தும் அனுப்பினேன்.

பாம்பன் பாலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறிவிடுங்கள். அதன்பின் படம் எடுக்க நிறுத்தும் வண்டிகளால் வழி அடைபடும். இரண்டே கால் கிலோமீட்டர்தான், ஆனால் வாடை இடது பக்கமிருந்து அறைகிறது. நடுவில் மேடு. நாங்கள் சில இடங்களில் இறங்கித் தள்ளினோம். கீழே பச்சைத் தண்ணீரில் வள்ளங்கள் அசையாமல் நின்றன. உயரத்திலிருந்து பார்க்க, நாமே தூக்கத்தில் மிதப்பதுபோல ஒரு மயக்கம். ‘மூச்சு வாங்குதா’ என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பாலத்துக்கு அப்பால் ராமேஸ்வரம் பதினோரு கிலோமீட்டர், அங்கேதான் அன்று தங்கல்.

ஐந்தாம் நாள் தனுஷ்கோடி. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். விடியும்போது கிளம்பினால் சாலை முழுக்க உங்களுக்குத்தான். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்கோடாக ஒரு தார்ச்சாலை. வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்கிறார்கள். வாடைக் காலத்தில் என்னவோ ஆண் கடல்தான் அடங்கிக் கிடக்கிறது. புயல் தின்ற தேவாலயச் சுவர்களுக்குள் மணல் பாதி ஏறியிருந்தது. அங்கே உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை.

திரும்பும் வழியில், ஒன்பதேமுக்கால் மணிக்கு, தெற்குக் கடலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரை வட்டமாக வலையை விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக இழுப்பது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு: யார் வேண்டுமானாலும் கயிற்றில் கை வைக்கலாம், ஆனால் கை வைத்தால் வலையில் மீன் சேரும் மடி கரையேறும்வரை விடக்கூடாது. கை வைத்த அத்தனை பேருக்கும் மீனில் பங்கு. இது எங்களுக்கு அப்போது தெரியாது. இவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியோடு போய்க் கயிற்றைத் தொட்டார். நான் போட்டோவுக்குத்தான் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வரவில்லை. குதிகாலை மணலில் ஊன்றி, மற்றவர்களோடு சேர்ந்து சாய்ந்து இழுத்தார். நெஞ்செலும்பைப் பிளந்து கம்பி போட்டுத் தைத்த உடம்பு. ஓடிப்போய், ‘விடுங்க, ஆபரேசன் ஆன மனுஷர்’ என்று ஒரு சத்தம் போட்டால் போதும், இருபது பேரும் கயிற்றை விட்டுவிட்டு இவரை நிழலில் உட்காரவைத்துவிடுவார்கள். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்த ஐந்து நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

அந்தக் கரையில் யாருக்கும் இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கயிற்றின் தலைமாட்டில் நின்ற பெரிய மீசைக்காரர் இவரைப் பார்த்துக் கத்தினார்: “யோவ் தொப்பி! கயித்த இழுக்குறியா, தடவிக் குடுக்குறியா? சோறு திங்கலயா நீ?”

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பதினோரு மாதத்தில் இவரை ஒருவர் திட்டியது அன்றுதான். அதற்குப் பிறகு இவர் இழுத்த இழுப்பைப் பார்க்க வேண்டுமே. நடுவில் நாலைந்து தடவை நின்று மூச்சு வாங்கினார், கயிற்றை விடாமல். ஒன்றே கால் மணி நேரம் கழித்து மடி கரையேறியது. காரலும் சாளையும் வெள்ளியாகத் துள்ளின. மீசைக்காரர் ஒரு ஓலைக் கூடையில் பங்கு போட்டுக்கொண்டே வந்து, இவர் கைக்கும் இரண்டு கைப்பிடி கொட்டினார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு. இவர் அதை வாங்கிக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தார். முகம் நனைந்திருந்தது, வியர்வையா வேறொன்றா என்று நான் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசிதான் சரியான காலம். பங்குனிக்குப் பிறகு வெயில் கொன்றுவிடும். தனுஷ்கோடிச் சாலையில் குடிநீர் கிடைக்காது, ஆளுக்கு இரண்டு லிட்டராவது கொண்டுபோங்கள். மாலைக்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள். கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், எங்களுக்கு மூன்று பஞ்சர். திரும்பும்போது ரயிலில் சைக்கிள் ஏற்ற முந்தின நாளே போய் விசாரியுங்கள். கார் வாடகையை விட்டுவிட்டால் எங்கள் இருவருக்கும் எல்லாச் செலவும் சேர்த்து ஏழாயிரத்து அறுநூறு. இதய ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் கயிறு மட்டும் இழுத்துவிடாதீர்கள். நாங்கள் கேட்காமல் செய்ததற்கு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மதுரைக்கு வந்த மறுநாள் காலை இவர் சைக்கிளை வாசலுக்கு எடுத்தார். நான் கேட் அருகே போய் நின்றேன்.

“என்ன, பயமா இருக்கா?” என்றார்.

“ரொம்பப் பயமா இருக்குங்க” என்றேன்.

“சரி. போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு உள்ளே வந்து உலை வைத்தேன்.