அம்மா குத்திக்கொண்ட அவரைக்கொடி

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டும் என்று சொல்லித்தான் அப்பா ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் சாலையைப் பிடித்து, பல்லாவரத்தில் திரும்பி, தாம்பரம் வரைக்கும் அம்மா பின்னால் உட்கார்ந்திருக்க, நான் முன்னால் நின்றுகொண்டே வந்தேன். கடைத்தெருவில் ஷூ கடைகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. "அப்பா, கடை போயிடுச்சு" என்று ஒவ்வொரு கடைக்கும் சொன்னேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு செல்போன் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, பக்கத்திலிருந்த குறுகலான படிக்கட்டைக் காட்டி, "ஏறு" என்றார்.

மேலே ஒரு கண்ணாடிக் கதவு. அதில் நெருப்புக் கக்கும் டிராகன் படமும் டாட்டூ ஸ்டூடியோ என்ற எழுத்தும் இருந்தன. எனக்கு உற்சாகமாகிவிட்டது. யாரையோ திட்டுவதற்காகத்தான் அப்பா வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கையில் சிங்க முகம் குத்திக்கொண்டு வந்ததை வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனவர் அவர். "உடம்பு என்ன காம்பவுண்டு சுவரா, கிறுக்கி வைக்க?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்டார். அப்படிப்பட்டவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர் போலப் பணிவாக, அம்மாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. அதற்கு முந்தைய வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். "ஒரு சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்றார் அத்தை. பிறகு அம்மாவின் தலைமுடி போயிற்று. "திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டுதல்" என்றார்கள். நம்பினேன். புருவத்தையும் பெருமாள் ஏன் எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் விளங்கவில்லை. அம்மாவுக்கு வந்தது புற்றுநோய் என்பதையும், இடப்பக்க மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள் என்பதையும் மேல்நிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா புடவை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கியிருந்தாள் என்பதுதான்.

தாம்பரத்துக்குப் போவதற்குச் சில நாள் முன்பு அவர்கள் சமையலறையில் பேசியது என் காதில் விழுந்திருந்தது.

"எதுக்கு இப்போ இதெல்லாம்? யாரு பாக்கப் போறா?" என்றார் அப்பா.

"நான் பாக்கிறேன்ல? தினமும் குளிக்கும்போது நான்தானே பாக்கிறேன்?" என்றாள் அம்மா.

குளியலறைச் சுவரில் தண்ணீர் ஊறி ஒரு பெரிய கறை நெடுநாளாக இருந்தது. அதற்குத்தான் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஸ்டூடியோவில் டெட்டால் வாசனை. கறுப்பு டீ-ஷர்ட் போட்ட ஓர் அக்கா எழுந்து வந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மீனும் அலையுமாகப் படம்.

"வாங்கக்கா, ஃபோன்ல பேசுனது நீங்கதானே? ஆபரேஷன் ஆயி வருஷம் தாண்டிடுச்சுல்ல? டாக்டர்கிட்ட கேட்டுட்டீங்கல்ல?"

அம்மா தலையாட்டினாள்.

"சாப்ட்டீங்களா? வெறும் வயித்தோட படுத்தா மயக்கம் வந்துடும்."

"இட்லி சாப்பிட்டேன்."

அம்மா பல்லாவரத்தில் உயிரியல் டீச்சர். கைப்பையிலிருந்து தான் வரைந்து வைத்திருந்த படத்தை எடுத்துப் பிரித்தாள். இலை, சுருண்ட கொடி நுனி, கொத்துக் கொத்தாக ஊதாப்பூ என்று ஓர் அவரைக்கொடி. அந்த அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ரோஸு கேப்பாங்க, பட்டாம்பூச்சி கேப்பாங்க. அவரைக்கா கேட்டு வந்தவங்க நீங்கதான்க்கா ஃபர்ஸ்ட்டு."

"எங்க மொட்டை மாடியில தொட்டியில வெச்சிருக்கேன்மா. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ தண்ணி ஊத்தக்கூட ஆள் இல்ல. வந்து பாத்தா, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் போய்ப் பூத்திருக்கு" என்றாள் அம்மா.

அந்த அக்கா கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். "பாத்துக்கங்கக்கா, புது ஊசி. உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன்."

"அம்மாவுக்கு மறுபடியும் ஊசியா?" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்தேன். "இது வேற ஊசி" என்றார் அவர். ஊசியில் வேறு ஊசி எப்படி இருக்கும் என்று கேட்பதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்குள்ளிருந்து அந்த அக்காவின் குரல் மட்டும் வந்தது. "தழும்பு மேல இங்க் சட்டுனு ஏறாதுக்கா, இன்னொரு தடவ வர்ற மாதிரி இருக்கும். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திக்கலாம்."

"அந்தப் பக்கம் பாதி மரத்துத்தான் கெடக்கு, நீ குத்து" என்றாள் அம்மா.

வெளியே பெஞ்சில் எங்களுக்கு முன்பே ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். தலைமுடிக்குச் செம்பட்டை நிறம் அடித்திருந்தான். அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க இன்னா போடப் போறீங்க?" என்று பிரியமாகக் கேட்டான்.

"எனக்கில்லப்பா."

அவன் என்னைப் பார்த்தான். "பாப்பாவுக்கா? பதினெட்டு ஆவாம போட மாட்டாங்க சார். அதோ, போர்டுலயே போட்டுக்கீது."

அப்பா திரையைக் காட்டினார்.

"அம்மாவுக்கா? செம சார்! கையிலயா, கழுத்துலயா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியலப்பா" என்றார்.

வீட்டில் எந்த அலமாரியில் எந்த ஸ்க்ரூ இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர். இது எப்படித் தெரியாமல் போகும்? நான் அண்ணாந்து பார்த்தேன். அப்பா சுவரிலிருந்த மண்டை ஓட்டுப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டும்போது வருமே, அதே சத்தம். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சத்தத்துக்கு நடுவில் அம்மா சிரித்தாள். அந்த அக்கா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா சட்டென்று எழுந்தார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல மறுபடியும் உட்கார்ந்தார்.

வெயில் தாழும் நேரத்தில்தான் அம்மா வெளியே வந்தாள். நான் ஓடிப்போய்த் தேடினேன். கையைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். குனிந்து, புடவையைத் தூக்கிக் கணுக்காலையும் பார்த்தேன். எங்கும் எதுவும் இல்லை.

"எங்கம்மா?"

"இருக்கு" என்றாள் அம்மா. முகம் களைத்திருந்தது, ஆனால் வாயோரம் இன்னும் சிரிப்பு இருந்தது.

அந்த அக்கா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்க ராத்திரி எடுத்துட்டு, மெதுவா கழுவி, இந்த க்ரீம மெல்லிசா தடவுங்க சார். சொறியக் கூடாது. தோல் உரிஞ்சா பிச்சு எடுக்கக் கூடாது. வெயில் படவே கூடாது." அப்பா பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். இல்லாத படத்தின் மேல் வெயில் எப்படிப் படும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஷூவை அன்று எல்லோரும் மறந்துபோனோம்.

மறுநாளே கீழ் வீட்டுத் தோழியிடம் சொல்லிவிட்டேன். டாட்டூ குத்திக்கொண்ட அம்மா எங்கள் கட்டடத்தில் வேறு யாருக்கும் இல்லை. அவள் தன் அம்மாவிடம் சொல்ல, அந்த ஆன்ட்டி படிக்கட்டிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், டாட்டூவாமே? காட்டுங்களேன்!"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவ எதையோ பாத்துட்டு வந்து உளர்றா."

தோழி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் புளுகுணி. விளையாடப் போனால், "உங்கம்மா டாட்டூ எங்கடீ? தோசையில இருக்கா?" என்று கேட்டார்கள். சனிக்கிழமை காலை அழுதுகொண்டே மேலே ஓடி வந்தேன். அறைக்கதவு மூடியிருந்தது. அப்பா மருந்து தடவும் நேரம். கதவைக் கையால் தட்டிக்கொண்டே கத்தினேன். "நான் பொய் சொல்லல! நீதான் பொய் சொன்ன!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அவள உள்ள விடுங்க."

"வேணாம். சின்னப் பொண்ணு, பயந்துடுவா" என்றார் அப்பா.

"விடுங்கன்னு சொல்றேன்ல."

கதவு திறந்தது. அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு துண்டு. அப்பா விரல் நுனியில் க்ரீமோடு நின்றார். என்னைக் கிட்டே வரச் சொல்லிவிட்டு, அம்மா துண்டை எடுத்தாள்.

கொடி இடது அக்குளுக்குக் கீழே தொடங்கி, மார்புக்குக் குறுக்கே வளைந்து வந்து, நடு நெஞ்சுக்குக் கிட்டே சுருண்டு நின்றது. சில இடங்களில் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் இலை பச்சையாகவும், பூ ஊதாவாகவும்தான் இருந்தன. மாடியிலிருந்து பறித்துக்கொண்டு வந்து ஒட்டியது போல இருந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள் அம்மா. குரல் வழக்கமானதாக இல்லை.

"அவரைக்கொடி."

"வேற?"

டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு அது பரீட்சை என்பது உடனே புரிந்துவிட்டது. இன்னும் கிட்டே போய் ஒவ்வோர் இலையாகப் பார்த்தேன். எதையோ கண்டுபிடிக்க வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறாள். கடைசியில் கண்டுபிடித்தேன்.

"இந்த ஒரு எல மட்டும் கோணலா இருக்கும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, என்னைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சரியான பதில்தான் போலிருக்கிறது என்று பெருமையாகத் திரும்பினால், அப்பா அறையில் இல்லை. பால்கனியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

அவ்வளவு தூரம் போய்க் குத்திக்கொண்டு வந்த படத்தைக் குறை சொல்லிவிட்டேன், அதனால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். "நல்லாத்தான் இருக்குப்பா. எல ஒண்ணும் அவ்ளோ கோணல் இல்ல" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி என் தலையைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். விரலில் இருந்த க்ரீம் முழுக்க என் முடியில் அப்பிப் பிசுபிசுத்தது. அன்றைக்குத்தான் தலைக்குக் குளித்திருந்தேன். கையைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் அப்பா ஏன் இப்படிச் செய்கிறார் என்று எரிச்சலோடு அம்மாவிடம் புகார் சொல்லப் போனேன்.