தள்ளிக்கொண்டு போன ஓட்டோ

எனக்குப் பூநாரை காட்டியவர் ஓர் ஓட்டோக்காரர். பெருத்த வயிறு, பூப்போட்ட அரைக்கைச் சேட், கழுத்தில் செபமாலை. தலைமன்னார் மணல்மேடுகளுக்கு நடுவே தண்ணீர் தெரியத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"இறங்கித் தள்ளுங்கோ தம்பி. சத்தம் கேட்டால் எல்லாம் எழும்பிப் போயிடும்."

"நடந்தே போகலாமே அண்ணை?"

"ஆளைக் கண்டாலும் பறக்கும். ஓட்டோவுக்குப் பின்னாலை பதுங்கிப் போகவேணும்."

இது கெட்டித்தனமா, கிறுக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வியர்க்க விறுவிறுக்கத் தள்ளினோம். வளைவு தாண்டியதும் நீர்ப்பரப்பு முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூநாரைகள். ஒன்றுகூட எழும்பவில்லை. அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

திரும்பி மன்னார் பட்டினத்துக்குள் நுழைந்ததும் அதே மனிதர் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"இதென்ன அண்ணை, இப்பிடி அடிக்கிறியள்?"

"அங்கை அதுகளின்ரை ஊர் தம்பி. இது என்ரை ஊர்."

உப்புக்குளம் பகுதியில் ஒரு கழுதை நடுத்தெருவில் குறுக்கே நின்றது. விடாமல் ஹோர்ன் அடித்தார். அது காதைக்கூட ஆட்டவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

அவர் சொல்லுமுன்பே நான் தள்ளுவதற்கு இறங்கிவிட்டேன்.